உள்பட்டையிலிருந்து தொடங்குங்கள்: தொப்பி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

தொப்பி தயாரிப்பவர்களுக்கும், வடிவமைப்பவர்களுக்கும், சீருடைத் தொப்பிகளுக்கு அளவும் விவரக்குறிப்பும் எழுதித் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு தொப்பியில் தலையோடு ஒட்டி உறவாடும் பாகம் அதன் உள்பட்டை ஒன்றுதான். நெற்றியில் தொடங்கி, காதுகளுக்கு மேலாகச் சென்று, பிடரியைச் சுற்றி வரும் அந்த மூன்று நான்கு செ.மீ. அகலப் பட்டைதான் தொப்பியைத் தலையில் நிறுத்துகிறது, வியர்வையை வாங்கிக்கொள்கிறது, காற்றடித்தால் பறக்காமல் பிடிக்கிறது. மற்றதெல்லாம் தலைக்கு மேலும் தலையைச் சுற்றியும் நிற்பவை. ஆனாலும் துணி, நிறம், தலையை மூடும் கூட்டின் உயரம், நெற்றிக்கு முன்னே நீளும் முன்மறைப்பின் வளைவு எல்லாம் முடிவான பிறகு, கையிருப்பில் உள்ள டேப்பை எடுத்துச் சுற்றித் தைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பிறகு "உறுத்துகிறது" என்று புகார் வந்தால், அதே பட்டைக்குள் ஒரு ஃபோம் துண்டைச் செருகிவிடுகிறார்கள். உறுத்தல் இன்னும் கூடுகிறது.

பட்டையை முதலில் தீர்மானியுங்கள். அதன் தடிமனைக் கணக்கில் சேர்த்த பிறகு, கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சின் அளவை எடுங்கள். உள்பட்டை தைப்பவர்கள், பழுதுபார்ப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் கேட்பது இதுதான். ஏன் என்பதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அழுத்தம். தொப்பி இறுக்கமாக இருப்பதும் தொப்பி வலிப்பதும் ஒன்றல்ல. ஒரு பட்டை வளைந்த பரப்பைச் சுற்றியிருக்கும்போது, அது தோல்மீது செலுத்தும் அழுத்தம் மூன்று அளவுகளைப் பொறுத்தது: பட்டையில் உள்ள இழுவிசை, தோலைத் தொடும் அகலம், அந்த இடத்தில் தலையின் வளைவு ஆரம். இழுவிசையை அகலத்தாலும் ஆரத்தாலும் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். 300 கிராம் எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் இழுப்பு, அதாவது சுமார் 3 நியூட்டன், ஒரு பட்டையில் இருக்கிறது என்று கொள்வோம். நெற்றியின் வளைவு ஆரம் 6 செ.மீ., பட்டை முழு 3 செ.மீ. அகலத்துக்கும் தோலில் படிகிறது என்றால், அழுத்தம் ஏறத்தாழ 12 மி.மீ. பாதரசம். தாங்கிக்கொள்ளலாம். அதே இழுப்பு, அதே பட்டை. ஆனால் கீழோரத்தில் உள்ள 5 மி.மீ. மடிப்பு மட்டுமே தோலைத் தொடுகிறது என்றால் அழுத்தம் 75 மி.மீ. பாதரசமாக ஏறிவிடும். தோலின் நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தமோ 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டியது. தொப்பியைக் கழற்றியதும் நெற்றியில் தெரியும் சிவந்த கோடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியில் தலை தட்டையாக இருக்கிறது. அங்கே ஆரம் 12 செ.மீ. என்று வைத்தால் அழுத்தம் நெற்றியில் உள்ளதில் பாதிதான். எனவே சுற்றளவைச் சுருக்கி இறுக்கினால் அதன் சுமையில் பெரும்பகுதியை நெற்றியும் பின்மண்டையும்தான் வாங்குகின்றன. புருவத்துக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, கண்குழி மேல்விளிம்பிலிருந்து ஒரு நரம்பு வெளிவந்து நெற்றியில் பரவுகிறது. பின்மண்டையில் இரு பக்கமும் வேறு நரம்புகள் மேலேறுகின்றன. இவற்றின்மேல் விடாது அழுத்தம் விழுந்தால் தலைவலி வரும். தலைவலி வகைகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் இதற்குத் தனி இடமே இருக்கிறது: வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி. அழுத்தம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வரும், அழுத்தும் இடத்தில்தான் அதிகம் வலிக்கும், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் என்பது அதன் இலக்கணம். நாள் முழுதும் தொப்பி போட்டாக வேண்டிய வேலையில் இருப்பவருக்கு அந்தக் கழற்றும் வாய்ப்பு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே முதல் வேலை, பட்டையின் முழு அகலமும் தோலில் படியும்படி செய்வது. மெத்தென்ற பொருளைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

முழு அகலமும் படியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பட்டையை நேராக வெட்டுவது. நேர்ப்பட்டையைச் சுற்றினால் உருளை கிடைக்கும். தலையோ புருவத்துக்கு மேலே போகப் போகச் சரிந்து குறுகுகிறது. உருளையைச் சரிவின்மேல் வைத்தால் கீழோரம் மட்டும் தொடும். மேலோரத்தில் இடைவெளி நிற்கும். பட்டையை லேசான வில்லாக வெட்டினால், சுற்றியதும் அது கூம்பின் ஒரு துண்டாகி, சரிவோடு சேர்ந்து படியும். வில்லின் ஆரத்தைக் காண்பது எளிது: கீழோர நீளத்தைப் பட்டையின் அகலத்தால் பெருக்கி, கீழோரத்துக்கும் மேலோரத்துக்கும் உள்ள நீள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். கீழோரம் 580 மி.மீ., மேலோரம் 565 மி.மீ., அகலம் 30 மி.மீ. என்றால் ஆரம் 1160 மி.மீ. வரும். துணியில் விரித்துப் போட்டால் கீழோரத்தின் நடுப்பகுதி அதன் முனைகளைவிட 36 மி.மீ. கீழே வளைந்து நிற்கும். வில் வெட்டில் துணி வீணாகிறது என்பார்கள். ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி வெட்டினால் இரு முனைகளில்தான் சேதாரம். அதுவும் முடியாதென்றால், துணியைக் கிராஸாக 45 பாகையில் வெட்டி, ஆவி இஸ்திரியால் ஒரு ஓரத்தை இழுத்து வளைத்துக்கொள்ளலாம். நேர் இழையில் வெட்டிய ட்வில் டேப்பில் இந்த வளைவு வராது. வந்ததுபோல் தெரிந்தாலும் முதல் சலவையில் போய்விடும்.

இரண்டாவது காரணம் முன்மறைப்புத் தையல். முன்மறைப்பு வைத்த தொப்பியில் நெற்றிக்கு நேரே எத்தனை அடுக்குகள் கூடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: கூட்டின் துணி, அதை விறைக்க வைக்கும் பக்ரம், முன்மறைப்பின் மேல்துணி, கீழ்த்துணி, பட்டையின் மடிப்பு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே கோட்டில், ஒரே நீளத்தில் வெட்டித் தைத்தால் நான்கைந்து மி.மீ. தடிமனில் ஒரு முகடு உருவாகும். அது சரியாகப் புருவத்துக்கு மேலே, நரம்பு ஓடும் இடத்தில் போய் உட்காரும். தையல் ஓரங்களைப் படிப்படியாகக் குறைத்து வெட்டுங்கள்: ஒன்று 5 மி.மீ., அடுத்தது 8, அடுத்தது 11. பக்ரத்தைத் தையல் கோட்டுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். முன்மறைப்பின் பிடிப்புக்கு அது தேவையில்லை. பட்டையைக் கவிழ்த்துத் தைத்து உள்ளே புரட்டும்போது, மடிப்பு தையலைவிட 2 அல்லது 3 மி.மீ. கீழே உருண்டு நிற்கட்டும். அப்போது தோலைத் தொடுவது மென்மையான உருளையாக இருக்கும். முகடு பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு தொப்பிக்கு அரை நிமிடம் கூடுதல் வேலை. இதற்கு இணையான பலன் தரும் வேறு மாற்றம் எதுவும் எங்களுக்குத் தெரியாது.

இனி தடிமன். மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். தொப்பிக்குள் சுற்றிலும் 1 மி.மீ. தடிமன் சேர்த்தால் உள்சுற்றளவு 6.3 மி.மீ. குறைகிறது, வட்டத்தின் கணக்கு அப்படி. 3 மி.மீ. ஃபோம் வைத்தால் 19 மி.மீ. குறையும். தொப்பி அளவுகள் 1 செ.மீ. இடைவெளியில் போகின்றன, அங்குல முறையில் 7⅛, 7¼, 7⅜ என்று எட்டிலொன்றாக ஏறுவதும் அதே 1 செ.மீ. சுற்றளவுதான். ஆக 58 என்று அச்சிட்ட தொப்பி, ஃபோம் வைத்ததும் 56-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஃபோம் அமுங்கும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், 2 மி.மீ.க்கு அமுங்கினாலும் 12 மி.மீ. சுற்றளவு போய்விடுகிறது, அது ஒரு அளவுக்கும் மேல். அதோடு, அமுக்கிய ஃபோம் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். வசதிக்கு என்று வைத்த பொருள் நாள் முழுதும் நெற்றியை அழுத்தும் சுருள்வில்லாக மாறிவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. பட்டையை முழுதாகத் தைத்து, அதன் அமுங்கிய தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராம் சுமை ஏற்றி அளந்தால் போதும். தலையில் வரும் அழுத்தத்துக்கு அது நெருக்கமானது. அந்தத் தடிமனை 6.3-ஆல் பெருக்கி, வேண்டிய உள்சுற்றளவோடு கூட்டினால் அச்சின் சுற்றளவு. சரிபார்ப்பதும் பட்டை தைத்த பிறகே இருக்க வேண்டும்: வளையும் எஃகு டேப்பை உள்ளே சுழற்றி வைத்து, பட்டை லேசாக அமுங்கும்வரை விரித்து அளவெடுங்கள். கூட்டை மட்டும் அளந்து லேபிள் தைப்பதை விட்டுவிடுங்கள். பருத்திப் பட்டையென்றால் மூன்று சலவைக்குப் பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். 1 சதவீதச் சுருக்கம் என்பது 58 செ.மீ. தொப்பியில் அரை அளவுக்கு மேல்.

சுற்றளவு சரியாக இருந்தும் வலிக்கும் தொப்பிகள் உண்டு. தலை வட்டமல்ல, முட்டை வடிவம். அந்த முட்டையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 58 செ.மீ. சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவருக்குப் பக்கவாட்டில் அகன்றிருக்கும். நீண்ட தலைக்காரருக்கு நடுத்தர அச்சில் செய்த தொப்பி நெற்றியிலும் பின்மண்டையிலும் முட்டும், பொட்டில் விரல் நுழையும். அவர் பெரிய அளவு வாங்கினால் பொட்டில் இடைவெளி இன்னும் கூடும், தொப்பி காற்றில் போகும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தொப்பிக்காரர்கள் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். கான்ஃபார்மேட்டர் என்று பெயர். தலையில் வைத்ததும் சுற்றிலும் உள்ள சட்டங்கள் தலையின் வடிவத்துக்கு நகர்ந்து, மேலே உள்ள சிறு காகிதத்தில் அந்த வடிவத்தைச் சுருக்கி ஊசிகளால் குத்திக் காட்டும். ஆயிரக்கணக்கில் தைக்கும் இடத்தில் அதைக் கேட்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம்: பட்டையின் மேலோரத்தைக் கூட்டோடு சேர்த்துத் தைக்காமல் திறந்து விடுங்கள். பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு பை கிடைக்கும். 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமனில், ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளித் துணியில் நான்கு துண்டுகளைத் தொப்பியோடு கொடுத்துவிடுங்கள். நீண்ட தலைக்காரர் ஒரு அளவு பெரிய தொப்பியை எடுத்து, இரு பொட்டுகளிலும் துண்டு வைத்துக்கொள்வார். அகன்ற தலைக்காரர் நெற்றியிலும் பின்னும் வைப்பார். துண்டின் முனைகளைச் சாய்வாகச் செதுக்க மறக்க வேண்டாம். சதுரமாக வெட்டிய முனை பட்டைக்குள்ளிருந்தே குத்தும்.

பின்பக்க இறுக்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பொத்தான் பட்டையோ பக்கிளோ பின் நடுவில் இருந்தால், இறுக்கும்போது உள்பட்டை அங்கே சுருக்கம் விழுந்து மடிகிறது. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. எலாஸ்டிக் வைப்பதானால் பின் நடுவில் ஒரே நீளத் துண்டாக வைக்காமல், இரு காதுகளுக்கும் பின்னால் 4 அல்லது 5 செ.மீ. நீளத்தில் ஒவ்வொன்றாக வையுங்கள். இழுப்பு இரண்டாகப் பிரிவதோடு பின்மண்டை எலும்பின் புடைப்புக்கு மேலே பட்டை சமமாகப் படியும். பட்டையின் இணைப்புத் தையலும் அந்தப் புடைப்பில் விழக் கூடாது. துணிப் பட்டையில் இணைப்பைப் பின் நடுவிலிருந்து 6, 7 செ.மீ. தள்ளிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். தோல் பட்டையில் வழக்கப்படி பின் நடுவிலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாமல், முனையோடு முனை சேர்த்து, பின்னால் மெல்லிய டேப் வைத்து இரு பக்கமும் தையுங்கள். அளவு லேபிளை அங்கே கொண்டுபோய்த் தைக்க வேண்டாம். நெய்த லேபிளின் உருகிய ஓரம் கத்திபோல இருக்கும். பட்டையின் பின்பக்கத்திலோ கூட்டின் உச்சியிலோ தைத்தால் யாருக்கும் தொல்லையில்லை.

பொருள் விஷயத்துக்கு வருவோம். ஃபெல்ட் தொப்பிக்கும் வைக்கோல் தொப்பிக்கும் தோல் பட்டையே இன்றும் நல்லது என்பது எங்கள் கருத்து. வியர்வையும் எண்ணெயும் ஃபெல்ட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது, நாளாக நாளாகத் தலையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. தடிமன் 0.6 முதல் 0.8 மி.மீ. போதும், 1 மி.மீ. தாண்டினால் வளைய மறுக்கும். செம்மறித் தோல் மென்மையானது, சீக்கிரம் படியும், சீக்கிரம் கிழியும். கன்றுத்தோல் நாள்பட உழைக்கும். தோல் பட்டை பாழாவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தையல் துளைகளின் வழியே கிழிவது. தையல் நெருக்கமாக இருந்தால் தபால்தலையின் ஓரம்போலத் துளை வரிசையாகி, பட்டை அந்தக் கோட்டிலேயே பிரிந்துவிடும். தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இன்னும் நல்ல வழி, தோலின் கீழோரத்தில் டேப் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்துத் தைத்து, ஃபெல்ட்டோடு சேரும் தையலை அந்த டேப்பின் வழியாக மட்டும் போடுவது. தோலுக்குப் புதிய துளை விழாது, பட்டை மாற்றும்போது பிரிப்பதும் எளிது. இரண்டு, பருத்தி நூல். வியர்வையில் இற்றுப்போகும், பாலியஸ்டர் நூல் போடுங்கள். மூன்று, சூடு. ஈரத்தோடு உள்ள தோலை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் சுருங்கி விறைக்கும். அது தன்னோடு சேர்த்துத் தொப்பியையும் ஒரு அளவு சுருக்கிவிடும். நிழலில், பட்டையை வெளியே புரட்டி வைத்து, தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு உலர்த்தும்படி ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

சிலர் நெற்றிப் பகுதித் தோலில் சிறு துளைகள் போட்டுவிட்டு, அதன் பின்னால் ஃபோமைப் பசையிட்டு ஒட்டிவிடுகிறார்கள். காற்று போக வழியில்லாத துளை அழுக்குச் சேரும் இடம், அவ்வளவுதான். துளை போட்டால் பின்னால் காலியிடம் விட வேண்டும்.

துணித் தொப்பிகளில் வழக்கமாக வருவது பருத்தி ட்வில், அல்லது டர்க்கி டவல் துணி. இரண்டும் வியர்வையை நன்றாக வாங்கும், விடுவதில்தான் சிக்கல். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் தோலிலிருந்து ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் போகும். ஆவியாகாமல் பட்டைக்குள் தேங்கிய வியர்வையால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. நிரம்பியதும் கண்ணுக்குள் வழியும், உலர்ந்ததும் உப்பு பூத்துத் துணியை உப்புத்தாளாக்கிவிடும். நனைந்த தோல் உராய்வுக்குச் சீக்கிரம் புண்ணாகும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

எங்கள் பரிந்துரை இரண்டு அடுக்கு. தோலைத் தொடும் பக்கம் மெல்லிய பின்னல் துணி, நெய்த துணி வேண்டாம். 19 மைக்ரானுக்கு மேற்படாத மெரினோ கம்பளிப் பின்னல் மிகச் சிறந்தது. கம்பளி அரிக்கும் என்ற அச்சம் தடித்த இழைகளால் வந்தது. 30 மைக்ரானைத் தாண்டிய இழை முனைகள்தான் தோலைக் குத்துகின்றன. சாதாரணக் காற்று ஈரத்தில் பாலியஸ்டர் தன் எடையில் 0.4 சதவீத ஈரத்தைத்தான் வாங்கும், பருத்தி 8 சதவீதத்துக்குச் சற்று மேல், கம்பளி அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வியர்வை சொட்டாக மாறுவதற்கு முன்பே ஆவியாக இருக்கும்போதே கம்பளி அதை இழுத்துக்கொள்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் நீரைக் கடத்தும் பாலியஸ்டர் பின்னல் பரவாயில்லை. அதன் பின்னால் இரண்டாம் அடுக்காக 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வலை: இரு முகங்களை நிமிர்ந்த இழைகள் தாங்கி நிற்கும் பின்னல் துணி. ஃபோமுக்குப் பதில் இதைத்தான் வைக்க வேண்டும். அமுங்கினாலும் நடுவே காற்று ஓடும், நீரைப் பிடித்து வைக்காது, துவைத்தால் உடனே காயும். கூட்டை ஒட்டி மூன்றாவது அடுக்கு துணித் தொப்பியில் வேண்டாம், வலை நேரே கூட்டின் துணியைத் தொடட்டும். அடுக்குகளைப் பசையால் ஒட்டாமல் ஓரங்களில் மட்டும் தையுங்கள். முழுப்பரப்புப் பசை ஒரு பிளாஸ்டிக் தாளுக்குச் சமம்.

ஃபோம்தான் வேண்டும் என்று கட்டாயமானால் பாலியெதர் வகைப் பாலியூரித்தேன் கேளுங்கள். பாலியெஸ்டர் வகை ஈரத்தில் சிதைந்து சில ஆண்டுகளில் மாவாக உதிரும். பழைய தொப்பியைத் திறந்தால் கொட்டும் மஞ்சள் தூள் பெரும்பாலும் அதுதான். வழுக்காமல் இருக்க சிலிக்கான் புள்ளிகள் வைப்பவர்கள் அவற்றை நெற்றியில் வைக்க வேண்டாம், காதுக்குப் பின்னால் வையுங்கள். கண்ணில் வியர்வை வழியாமல் தடுக்கும் சிலிக்கான் வரப்பு, சிறிது நேர ஓட்டத்துக்கு உதவும். எட்டு மணி நேரத் தொப்பிக்கு அது இன்னொரு விளிம்பாகிவிடும்.

அரிப்பும் தடிப்பும் வந்தால் பலரும் வியர்வையைக் குறை சொல்வார்கள். குரோமியத்தால் பதனிட்ட தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் மிஞ்சியிருக்கலாம். தோலோடு உரசும் தோல்பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. அதே வரம்பை உங்கள் தோல் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எலாஸ்டிக் ரப்பரில் கலக்கும் தையூரம் வேதிப்பொருட்கள், ஒட்டும் பசையில் உள்ள ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், கருநீலப் பாலியஸ்டரின் சில சாயங்கள் ஆகியவையும் ஒவ்வாமை தருபவை. எலாஸ்டிக்கைத் துணிக்குள் பொதிந்து வையுங்கள். தோலைத் தொடும் அடுக்கு வெளிர்நிறமாக இருப்பது பாதுகாப்பு. அழுக்கும் கண்ணில் படும், துவைக்கவும் தோன்றும்.

துவைக்க வேண்டுமானால் கழற்ற முடிய வேண்டும். பட்டை கழன்று வரும்படி செய்வது கடினமல்ல. கூட்டின் உள்ளோரத்தில் 12 மி.மீ. அகல டேப் ஒன்றைத் தைத்து, அதில் எட்டு இடங்களில் தட்டையான அழுத்துப் பொத்தான் வைத்தால் போதும். நெற்றியின் நடுவில் பொத்தான் வராமல் இடம் பிரியுங்கள். முதல் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ.க்கு அப்பால் இருக்கட்டும். வெல்க்ரோ வைப்பதானால் சொரசொரப்பான கொக்கிப் பக்கம் கூட்டிலும், மெத்தென்ற பக்கம் பட்டையிலும் வர வேண்டும். கொக்கியின் அகலம் பட்டையைவிட எல்லாப் பக்கமும் 4 மி.மீ. குறைவாக இருக்கட்டும், இல்லையேல் வெளியே நீண்டு முடியைப் பிடிக்கும். சலவைக் குறிப்பில் துணி மென்மையாக்கி சேர்க்க வேண்டாம் என்று எழுதுங்கள். அது இழைமேல் படிந்து நீர் உறிஞ்சுவதைக் கெடுக்கிறது.

சோதிப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. 2 செ.மீ. அகலக் காகிதக் கீற்றுகள் எட்டை எடுத்து, தொப்பி போட்டவரின் நெற்றி, பொட்டு, காதுக்கு மேல், பின்மண்டை என்று சுற்றிலும் செருகி ஒவ்வொன்றாக இழுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே தடையோடு வர வேண்டும். ஒன்று கிழிந்து, இன்னொன்று தானாக விழுந்தால் வடிவம் தவறு. சுற்றளவை மாற்றி அது தீராது. பிறகு ஒரு மணி நேரம் அணியவிட்டுக் கழற்றி நெற்றியைப் பாருங்கள். அகலமான, மங்கிய சிவப்பு சில நிமிடங்களில் மறைந்தால் நல்லது. மெல்லிய கோடாக இருந்து அரை மணி நேரம் கழித்தும் தெரிந்தால் விளிம்பில் பிழை. மடிப்பையும் வில் வெட்டையும் பாருங்கள். ஈரத்துக்கு: பட்டையை எடை போட்டு, 10 மி.லி. நீரை நெற்றிப் பகுதியில் ஊற்றி, தொப்பியை ஒரு உருண்டையின்மேல் மாட்டி, மணிக்கொரு முறை எடை போடுங்கள். போட்டியிடும் இரண்டு பட்டைகளை ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் எது விடுகிறது, எது பிடித்து வைக்கிறது என்று மாலைக்குள் தெரிந்துவிடும். சாயம் நெற்றியில் ஒட்டுமா என்பதற்கு சாய உறுதிக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 105-இன் E04 பகுதியில் சொன்ன செயற்கை வியர்வைச் சோதனை இருக்கிறது. அமிலக் கரைசல், காரக் கரைசல் இரண்டிலும் செய்யச் சொல்லுங்கள். ஒன்றில் தேறிய சாயம் மற்றதில் ஒழுகுவதுண்டு. அணிந்து பார்ப்பவர்களில் நீண்ட தலை, நடுத்தரத் தலை, அகன்ற தலை மூன்றும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் கையில் கிடைத்த ஒருவர் தலையில் வைத்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சீருடை விவரக்குறிப்பு எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கூட்டின் துணிக்கு எடை, நூல் எண்ணிக்கை, சாய உறுதி என்று ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். பட்டைக்கு "தகுந்த உள்பட்டையுடன்" என்று இரண்டு சொல் மட்டும். அந்த இடத்தில் இவற்றை எழுதுங்கள்: பட்டை தைத்த பின் உள்சுற்றளவு, மூன்று சலவைக்குப் பின் அதில் ஏற்கத்தக்க மாற்றம், பட்டையின் அகலம், அமுங்கிய தடிமன், தோலைத் தொடும் துணியின் இழை, முன்தையலின் அதிகபட்சத் தடிமன், தொப்பிக்கு இரண்டு மாற்றுப் பட்டை. மலிவான ஏலதாரரும் எழுதியிருப்பதைச் செய்தாக வேண்டும். எழுதாததை யாரும் செய்ய மாட்டார்கள்.

தயாரிப்பவர்கள் மாற்றுப் பட்டையைத் தனியாகவும் விற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கூடு நன்றாக இருந்தும் பட்டை போனதால் குப்பைக்குப் போகும் தொப்பிகள் மிகுதி. பட்டையின் நீளம், அகலம், வில்லின் ஆரம், பொத்தான் இடைவெளி ஆகிய நான்கு அளவுகளையும் லேபிளின் பின்புறத்தில் அச்சிட்டுவிட்டால், உங்களிடம் கையிருப்பு இல்லாத நாளிலும் பக்கத்துத் தையல்காரர் ஒரு புதிய பட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உள்பட்டை தைப்போரும் பழுதுபார்ப்போரும்